புதுப்பிப்பு: மவுண்டன் பைக்கிலேயே சாலைப் பந்தயம் ஓடி முடித்தேன்

ரோடு பைக் வாங்க இப்போது வசதியில்லை, மவுண்டன் பைக்கில் பயிற்சி எடுத்துச் சாலைப் பந்தயத்தில் இறங்கலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா? இறங்கினேன், முடித்தேன்.

முள் டயரைக் கழற்றி 1.5 அங்குல வழவழ டயர் போடச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. தார் ரோட்டில் வந்த அந்த 'உர்ர்' சத்தமே நின்றுவிட்டது. பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் போகும் ஏற்றத்தில், அதிர்வு தாங்கும் முன் ஃபோர்க்கை அமுங்காதபடி லாக் செய்து வாராவாரம் ஏறினேன். அதனால் பந்தயத்திலும் ஏற்றத்தில் பின்தங்கவில்லை.

சமதளத்தில்தான் கஷ்டம். முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்னால் மிகச் சிறியதில் 11. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலும் சுமார் 35 கிலோமீட்டர் வேகம்தான். மற்ற ஓட்டிகளின் கூட்டம் கண்ணெதிரே நழுவிப் போனபோது மனசு வலித்தது. நிமிர்ந்து உட்காருவதால் எதிர்காற்று முழுக்க நெஞ்சில்தான்.

சரி, அடுத்து முன்னால் 36 பல் சக்கரம் மாட்டப் போகிறேன். ஃப்ரேமில் இடிக்காமல் இருக்குமா என்று முதலில் அளந்து பார்க்கிறேன்.