பேட்டரி ஹெல்த்: ஒரு செயலி 82, இன்னொன்று 74. எதை நம்புவது?

இரவுப்பறவை கேட்டது:

லேப்டாப் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பெரும்பாலும் மேஜையில் சார்ஜரோடுதான் இருக்கும், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியையும் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் சும்மா இருக்காமல் பேட்டரி ஹெல்த், அதாவது புதிதில் தாங்கியதில் இப்போது எத்தனை சதவீதம் தாங்குகிறது என்று பார்க்கும் செயலி ஒன்றைப் போட்டேன், 82% என்றது. சந்தேகத்துக்கு இன்னொன்றைப் போட்டால் 74%! பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஒரே வரி. இதற்கு நடுவில் நேற்று சார்ஜரைக் கழற்றிவிட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது 22 காட்டிய பேட்டரி படக்கென்று 6க்கு வந்து அணைந்தேவிட்டது. புது பேட்டரி வாங்க வேண்டுமா, இல்லை செயலிதான் உளறுகிறதா?

தாமிரக்கம்பி:

இந்தச் செயலிகள் எதுவுமே பேட்டரியை அளப்பதில்லை, முதலில் அதைப் புரிந்துகொள்ளுங்கள். பேட்டரி பேக்குக்குள்ளேயே ஒரு சின்ன சிப் இருக்கிறது, ஃப்யூல் கேஜ் என்பார்கள். எவ்வளவு கரண்ட் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று அது கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும், செயலி அந்த நோட்டை எடுத்துப் படிக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வரியிலும் துளித் துளியாகப் பிழை விழுந்தால் கூட்டுத்தொகை எங்கேயோ போய் நிற்கும் இல்லையா? அதை அந்த சிப் சரிசெய்துகொள்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: பேட்டரி முழுதாக நிறையும்போதும், கிட்டத்தட்ட காலியாகும்போதும். நீங்கள் 80க்கு மேலே விடுவதும் இல்லை, கீழே இறக்குவதும் இல்லை. பிறகு அது எதை வைத்துத் திருத்தும்? 22லிருந்து 6க்குக் குதித்ததும் பெரும்பாலும் இதனால்தான், வோல்டேஜ் தடாலென்று இறங்கிய பிறகுதான் தன் கணக்கு தப்பு என்று அதற்கே தெரிந்திருக்கும்.

ஒருமுறை அந்த 80 வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றுங்கள், இரண்டு மணி நேரம் ப்ளக்கிலேயே இருக்கட்டும், அப்புறம் கழற்றி சாதாரண வேலை செய்தபடியே 5 வரை இறக்கி மறுபடி 100 ஏற்றுங்கள். திறந்திருக்கும் கோப்புகளை முதலில் சேமித்துவிடுங்கள், மறுபடியும் 22ல் குதித்தாலும் குதிக்கும்.

பழையவிசைப்பலகை:

மேலே சொன்னது சரி, ஆனால் 82க்கும் 74க்கும் உள்ள வித்தியாசத்துக்கு அது பதில் இல்லையே. இரண்டும் ஒரே சிப்பைத்தானே படிக்கின்றன? விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளை கொடுத்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் கொள்ள வேண்டிய அளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு) இரண்டையும் இங்கே போடுங்கள்.

இரவுப்பறவை:

டிசைன் 50,000 மில்லிவாட் அவர், ஃபுல் சார்ஜ் 41,000. இன்னொரு செயலி மில்லிஆம்ப் அவரில் காட்டுகிறது: 4,386, 3,254.

பழையவிசைப்பலகை:

நினைத்தேன். மில்லிவாட் அவரை மில்லிஆம்ப் அவரால் வகுத்தால் வோல்டேஜ் கிடைக்கும். 50,000த்தை 4,386ஆல் வகுத்துப் பாருங்கள், 11.4 வோல்ட் வரும், அது பேட்டரி மேல் அச்சடித்திருக்கும் வோல்டேஜ். 41,000த்தை 3,254ஆல் வகுத்தால் 12.6! அதாவது சார்ஜ் ஏறியிருக்கும்போது இருக்கும், அதைவிட உயர்ந்த வோல்டேஜ். மேலே ஒன்றால் வகுத்து கீழே வேறொன்றால் வகுத்திருக்கிறது அந்தப் புத்திசாலிச் செயலி. 82 என்பது 74 ஆனது பேட்டரியில் குறைந்ததால் இல்லை, கணக்கில்தான் குறைந்திருக்கிறது. 82ஐ வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தோராயம்தான்.

வெள்ளிமீன்:

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இந்த 100 டு 5 வேலையை மாதாமாதம் செய்யாதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு அடிமட்டம் வரை இறக்குவது நல்லதில்லை, கணக்கு குழம்பும்போது மட்டும் போதும். இன்னொன்று, நான் மாற்றிய ஒரு மலிவு பேட்டரி எட்டு மாதமாக 100% ஹெல்த், சைக்கிள் (முழுதாக ஏறி இறங்கிய தடவைகள்) 0 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது, ஓடுவது என்னவோ ஒன்றரை மணி நேரம்தான். உள்ளே இருக்கும் சிப் எதையும் எழுதுவதே இல்லை போல. அதே ரிப்போர்ட்டில் கெப்பாசிட்டி ஹிஸ்டரி என்று வாரவாரியாக ஒரு பட்டியல் வரும், ஒரு நாள் எண்ணைவிட அது எப்படி இறங்குகிறது என்பதைப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தால் (அடியில் பேட்டரி வீங்கியிருக்கலாம்) மட்டும் எந்த எண்ணையும் பார்க்காமல் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

இரவுப்பறவை:

டச்பேட் சமமாகத்தான் இருக்கிறது. நேற்று முழுக்க அந்த 100 டு 5 வேலைதான். இப்போது ஃபுல் சார்ஜ் 43,700, அதாவது 87%. இந்த முறை 22ல் குதிக்கவில்லை, 5 வரை ஒழுங்காக இறங்கியது. அந்த இன்னொரு செயலி இப்போது 79 என்கிறது, மறுபடி 12.6ஆல்தான் வகுத்திருக்கிறது, போட்டுப் பார்த்துவிட்டேன். அதை அழித்தாயிற்று. 80 வரம்பைத் திரும்பப் போட்டுவிட்டேன்.