மேல்வீட்டில் யாரோ எதையோ உருட்டுகிறார்கள்

குழு: எல்லாரும் இங்கேதான்

செவ்வாய்

இரவு 11:47
நான்: யாராவது விழித்திருக்கிறீர்களா?

அக்கா: என்ன ஆச்சு?

நான்: மறுபடியும் மேல்வீடு. முதலில் நாற்காலி, கர்ர்ர் என்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. அப்புறம் குதிகாலால் நடை. இப்போது எதையோ உருட்டுகிறார்கள். கோலிக்குண்டு மாதிரி. நீங்களே கேளுங்கள்.

நான்: [குரல் பதிவு, 22 வினாடி]

அக்கா: கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா மகள்: மாமா மூச்சு விடுவது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

அம்மா: மணி என்ன, இன்னும் தூங்கவில்லையா நீ?

நான்: அதைத்தான் அம்மா அரை மணியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அத்தான்: மாப்ளே, அது கைபேசிக்குச் சிக்காது. குதிகால் சத்தத்தில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வுதான். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. உன் கட்டிலுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

நான்: நான் பொய் சொல்லவில்லை என்று இதையே எழுத்தில் கொடுத்துவிடுங்கள் அத்தான்.

அக்கா: அவர்களிடம் சொன்னாயா?

நான்: சொன்ன மாதிரிதான்.

அக்கா: அப்படி என்றால்?

நான்: ஒட்டடைக் கம்பால் கூரையில் இரண்டு தட்டு தட்டினேன்.

நான்: மேலிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

அக்கா மகள்: 😂😂

சித்தி: எதற்குடா கண்ணா இந்தப் பாடு? வெள்ளிக்கிழமை கிளம்பி இங்கே வந்துவிடு. பின்னறை சும்மாதான் கிடக்கிறது.

நான்: சித்தி, அந்தப் பின்னறையை நினைத்துக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் வயல். தலைக்கு மேலே ஓடு, ஓட்டுக்கு மேலே வானம். வானத்தில் யாரும் நாற்காலி இழுப்பதில்லை.

அக்கா: தூக்கம் போனால் கவிதை வரும் போலிருக்கிறது. படு.

புதன்

காலை 9:12
நான்: முடிவு எடுத்துவிட்டேன். ஸ்பாஞ்சு அட்டை 40 துண்டு வாங்கிக் கூரை முழுக்க ஒட்டப் போகிறேன்.

அத்தான்: நில். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள், நீ அளக்காமலே போடுகிறாய். ஸ்பாஞ்சு அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். பாட்டுப் பதிவு செய்கிற அறையில் ஒட்டுவது அதற்காகத்தான். வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும். ஸ்பாஞ்சில் எது எடை?

அத்தான்: உன் கதை அதையும் தாண்டியது. பேச்சு, டிவி எல்லாம் காற்றில் வருகிற சத்தம். நாற்காலி இழுப்பதும் நடையும் கான்கிரீட்டையே தட்டி எழுப்புகிற சத்தம். தளம் அங்கே மேளத்தோல் மாதிரி. அதிர்வு தளத்திலிருந்து சுவருக்கு இறங்கும், அப்புறம் சுவரும் சேர்ந்து பேசும். நீ கூரையை மூடினால் சுவர் வழியாக வரும். மருந்தைத் தட்டுகிற இடத்தில் போட வேண்டும். நாற்காலிக் காலுக்கு அடியில் தடித்த கம்பளித் துண்டு, நடக்கிற வழியில் கனமான விரிப்பு. செலவு ஒன்றும் பெரிதில்லை.

நான்: ஆக, எனக்கு நோய், மருந்தை அவர்கள் சாப்பிட வேண்டும்.

அத்தான்: அதேதான். அதனால்தான் கம்பு வேலைக்கு ஆகாது என்கிறேன்.

அம்மா: மேலே போய் நல்ல விதமாகச் சொல்லிவிட்டு வா. கையில் கம்பு இல்லாமல் போ.

நான்: என்ன சொல்வது அம்மா? நடக்காதீர்கள் என்றா?

மதியம் 1:30
அக்கா மகள்: மாமா, தேடிப் பார்த்தேன். படுக்கையறையில் தொடர்ந்து வரும் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், இடையில் திடீரென்று வருவது 45-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. உங்கள் அறையில் எவ்வளவு?

நான்: கைபேசிச் செயலியில் நேற்று 33. உருட்டும்போது 41.

அக்கா மகள்: அப்படியானால் விதிப்படி நீங்கள் கிட்டத்தட்டத் தூங்கியிருக்க வேண்டும்.

அத்தான்: அந்தச் செயலியை நம்பி வழக்குப் போடாதே. தாழ்ந்த சத்தத்தை அது குறைத்துத்தான் காட்டும்.

வியாழன்

இரவு 10:58
நான்: இன்று ஜன்னல் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினேன். கதவுக்கு அடியிலும் ஒட்டினேன்.

அத்தான்: இது நல்ல வேலை. கதவுப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு இருந்தால்கூட, அந்தக் கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. எப்படி இருக்கிறது?

நான்: தெருச் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது.

அக்கா: அப்பாடா.

நான்: என்ன அப்பாடா? முன்பு தெருச் சத்தத்தோடு கலந்து போனதெல்லாம் இப்போது தனித்தனியாகக் கேட்கிறது. மேலே யாரோ தும்மினார்கள் அக்கா. தும்மல்!

அப்பா: இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். தாமஸ் கார்லைல், 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர், லண்டனில் செல்சியில் குடியிருந்தார். பக்கத்து வீட்டில் சேவல்கள், இன்னொரு பக்கம் பியானோ. எழுத முடியவில்லை. 1853-இல் வீட்டின் உச்சியில் இரட்டைச் சுவர் வைத்து, மேலிருந்து மட்டும் வெளிச்சம் வரும்படி ஓர் அறை கட்டிக்கொண்டார். சேவல் சத்தம் அடங்கியது. அதுவரை காதில் விழாத தூரத்துச் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. வீட்டிலேயே அதிகச் சத்தமுள்ள அறையாக அதுவே ஆனது.

நான்: அப்புறம் என்ன செய்தார்?

அப்பா: திட்டிக்கொண்டே பல வருடம் அதில்தான் உட்கார்ந்து எழுதினார்.

அம்மா: உங்கள் அப்பா இதை எனக்கு நாலு முறை சொல்லியிருக்கிறார்.

நான்: நாளை மாலை கிளம்புகிறேன் சித்தி. அங்கே பக்கத்தில் நிலம் ஏதாவது விலைக்கு வந்தால் பார்த்து வையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சித்தி: முதலில் வந்து ஒரு ராத்திரி படுத்துப் பார்.

வெள்ளி

இரவு 9:40
நான்: வந்து சேர்ந்துவிட்டேன். அடடா. காதுக்குள் யாரோ பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறது. ஒரு வண்டி இல்லை, ஒரு குரல் இல்லை. இத்தனை வருடம் எதற்காக அங்கே கிடந்தேன் என்றே தெரியவில்லை.

அக்கா: பொறாமையாக இருக்கிறது. தூங்கு.

இரவு 12:52
நான்: சித்தி தூங்கிவிட்டீர்களா?

நான்: இந்தத் தவளைகள் எத்தனை மணிக்கு நிறுத்தும்?

அக்கா: 😂

நான்: சிரிக்காதே. ஒன்று தொடங்குகிறது, நூறு பதில் சொல்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு குளத்தருகே போனேன். கப்பென்று நிறுத்திவிட்டன. திரும்பி வந்து படுத்தேன், தொடங்கிவிட்டன. மறுபடி போனேன்.

அக்கா: எத்தனை முறை?

நான்: நாலு.

அக்கா மகள்: ஆண் தவளைகள் மாமா, துணையை அழைக்கின்றன. நீங்கள் போய்க் குறுக்கே நிற்கிறீர்கள்.

நான்: அதுகூடப் பரவாயில்லை. எங்கேயோ ஒரு நாய் குரைக்கிறது. சித்தப்பாவிடம் காலையில் கேட்க வேண்டும், அது இந்த வீட்டு நாயா, அடுத்த ஊர் நாயா என்று.

அத்தான்: அடுத்த ஊராகவும் இருக்கலாம். காற்றில்லாத தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிரும். தரையோடு ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருந்தால், மேலே போகிற சத்தம் வளைந்து தரைக்கே திரும்பும். பகலில் கேட்காத தூரம் இரவில் கேட்கும்.

நான்: நீங்கள் இந்த நேரத்தில் ஏன் அத்தான் விழித்திருக்கிறீர்கள்?

அத்தான்: உன் செய்தி வரும் சத்தம்தான்.

சனி

காலை 3:56
நான்: சேவல்.

காலை 3:58
நான்: விடியவே இல்லை. கும்மிருட்டு. இதற்கு என்ன அவசரம்?

காலை 6:30
சித்தி: அது அப்படித்தான் கூவும். எங்களுக்குக் கேட்பதே இல்லை. ஒரு நாள் கூவாவிட்டால்தான் உன் சித்தப்பா எழுந்து போய்ப் பார்ப்பார்.

அக்கா மகள்: அது வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுவதில்லை மாமா. உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. நாள் முழுக்க ஒரே மங்கலான வெளிச்சத்தில் வைத்தபோதும் சேவல்கள் அந்தந்த நேரத்துக்குக் கூவியதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள்.

நான்: வழக்குப் போட முடியுமா? சட்டம் படிக்கிறாயே, சொல்.

அக்கா மகள்: போட்டிருக்கிறார்கள்! பிரான்சில் ஓலெரான் தீவில் மொரீஸ் என்று ஒரு சேவல். விடுமுறைக்கு வந்து தங்குகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன் கூவலைத் தாங்க முடியாமல் நீதிமன்றம் போனார்கள். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது, சேவலுக்குச் சாதகமாக. அடுத்த வருடம் மொரீஸ் இறந்துவிட்டது. 2021 ஜனவரியில் நாட்டுப்புறத்தின் ஒலிகளும் வாசனைகளும் மரபுச் செல்வம் என்று அங்கே சட்டமே வந்தது.

அப்பா: அருமை. கார்லைல் அந்த ஊரில் பிறக்காமல் போனது நல்லது.

நான்: ஆக, நிலம் வாங்கினாலும் சேவல் மேல் வழக்கு நிற்காது.

சித்தி: நிலம் பார்க்கவா, வேண்டாமா?

நான்: கொஞ்சம் பொறுங்கள் சித்தி.

ஞாயிறு

இரவு 8:15
சித்தி: இரண்டாவது ராத்திரி பிள்ளை நன்றாகத் தூங்கினான். காலையில் எட்டு மணிக்கு நான்தான் எழுப்பினேன். சேவலைக் கேட்டாயா என்றால், எந்தச் சேவல் என்கிறான்.

நான்: அதுதான் எனக்கும் புரியவில்லை. தவளையும் அதே தவளைதான்.

அக்கா: தவளை வேண்டுமென்றே செய்கிறது என்று நீ நினைக்கவில்லை. மேல்வீட்டை அப்படி நினைக்கிறாய்.

நான்: மூன்று தட்டு தட்டினார்களே!

அக்கா: முதலில் தட்டியது யார்?

திங்கள்

இரவு 9:05
நான்: போய்விட்டு வந்தேன்.

அம்மா: எங்கே?

நான்: மேலே. கம்பு இல்லாமல்.

அக்கா: முழுதாகச் சொல்.

நான்: அந்த அம்மா வேலை முடிந்து வரவே பதினொன்றரை ஆகிறதாம். நாற்காலி அவர் சாப்பிட உட்காருவது. கீழே கேட்கும் என்றே தெரியாதாம், முகம் சுருங்கிவிட்டது. அத்தான் சொன்ன கம்பளித் துண்டை வாங்கிக்கொண்டு போயிருந்தேன், நாலு நாற்காலிக்கும் நானே குனிந்து ஒட்டிக் கொடுத்தேன். இன்னும் கேட்டால் எந்த நேரமானாலும் செய்தி அனுப்புங்கள் என்று எண் கொடுத்தார்.

நான்: ஆனால் உருட்டுவது அவர்கள் இல்லையாம்.

அத்தான்: என்னது?

நான்: அவர்களுக்கும் கேட்கிறதாம். நான்தான் உருட்டுகிறேன் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பால் தட்டிய அன்றைக்கு, உருட்டுவதும் இல்லாமல் சுத்தியலும் எடுத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்களாம். அந்த மூன்று தட்டு அதற்குத்தான்.

அக்கா மகள்: 😂😂😂

அத்தான்: இருக்கும். கான்கிரீட்டில் அதிர்வு மேலேயும் போகும், பக்கவாட்டிலும் போகும். எங்கிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கஷ்டம்.

அக்கா: எண் வாங்கினாயே, அது நல்லது. கிளாஸ், சிங்கர் என்று இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று உண்டு, 1972-இல் வெளிவந்தது. இரண்டு குழுவுக்கும் ஒரே இரைச்சல். ஒரு குழுவிடம் மட்டும், தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள், நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. இரைச்சல் முடிந்தபின் கொடுத்த வேலையில் பொத்தான் வைத்திருந்தவர்கள்தான் பிழை குறைவாகச் செய்தார்கள்.

நான்: அழுத்தாமலேயா?

அக்கா: அழுத்தாமலே.

செவ்வாய்

இரவு 11:47
நான்: உருளுகிறது.

அம்மா: கடவுளே.

நான்: பொறுங்கள். மேல்வீட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது. "இப்போது கேட்டதா? நாங்கள் இல்லை" என்கிறார்கள்.

அக்கா: நீ என்ன சொன்னாய்?

நான்: "கேட்டது. நானும் இல்லை" என்றேன்.

அத்தான்: அவர்களுக்கு மேலே யார் குடியிருக்கிறார்கள்?

நான்: யாரும் இல்லை அத்தான். மொட்டை மாடி.

அத்தான்: தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். நாளைக்கு வந்து ஒவ்வொரு தளமாகப் பார்க்கிறேன்.

அக்கா: நாளைக்கு நீங்கள் எங்கேயும் போகவில்லை.

சித்தி: இங்கே மழை. தவளை பிய்த்து உதறுகிறது. பதிவு செய்து அனுப்பட்டுமாடா கண்ணா?

நான்: அனுப்புங்கள் சித்தி. கொஞ்சம் நீளமாக.