இங்கிலாந்தில் பல் பிராக்டிஸ் வாங்கப் போகிறீர்களா? விற்பவர் சொல்லும் விலையைச் சரிபார்க்கும் விதம்

சென்னையிலோ பேராதனையிலோ பல் மருத்துவம் படித்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுதும் ஓ.ஆர்.இ. அல்லது எல்.டி.எஸ். தேர்வை முடித்து, சில ஆண்டுகள் அசோசியேட்டாக, அதாவது இன்னொருவரின் பிராக்டிஸில் வருமானப் பங்குக்கு, வேலை பார்த்த பிறகு, சொந்தமாக ஒரு பிராக்டிஸ் (பல் மருத்துவமனை) வாங்கலாம் என்ற எண்ணம் நம்மவர்கள் பலருக்கு வருகிறது. தரகர் அனுப்பும் விற்பனைக் குறிப்பில் ஆண்டு வருவாய் முதல் வரியிலேயே இருக்கும். அந்த வருவாயில் இத்தனை சதவீதம் என்று ஒரு விலையும் இருக்கும். அந்தச் சதவீதத்தை வைத்துப் பேரம் பேசத் தொடங்கிவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். உரிமையாளர் வாரத்தில் ஐந்து நாளும் தாமே சிகிச்சை செய்து ஈட்டும் லாபமும், அவர் வராமலேயே நடக்கும் பிராக்டிஸ் தரும் லாபமும் கணக்கேட்டில் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் அவருடைய உழைப்புக்கு நீங்கள் விலை கொடுக்கத் தேவையில்லை. நாளை முதல் அந்த உழைப்பைச் செய்யப் போவது நீங்கள்தான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டு வருவாய் 6 லட்சம் பவுண்டு, கேட்கும் விலையும் 6 லட்சம், கணக்கில் காட்டியிருக்கும் லாபம் 2,10,000 என்று வைத்துக்கொள்வோம். இதில் வட்டி, தேய்மானம், குடும்பக் காரின் செலவு போன்றவை 15,000 பவுண்டு கழிக்கப்பட்டிருந்தால் அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். உரிமையாளர் தம் கையால் செய்த சிகிச்சையின் வருமானம் 2,40,000 என்றால், அதே வேலைக்கு ஓர் அசோசியேட்டை வைத்தால் பாதி, அதாவது 1,20,000, அவருக்குப் போகும், அதைக் கழியுங்கள். உரிமையாளரின் மனைவி சம்பளமே எடுக்காமல் மேலாளர் வேலை முழுவதையும் பார்த்து வந்திருந்தால், அந்த இடத்துக்கு ஆள் வைக்க 30,000 ஆகும், அதையும் கழியுங்கள். எஞ்சுவது 75,000 பவுண்டு. பிராக்டிஸின் உண்மையான லாபம் இதுதான். விலையை லாபத்தின் மடங்காகக் கணக்கிடலாம்; இதை ஆறு மடங்காக்கினால் விலை 4,50,000 ஆகிறது. கேட்ட தொகையைவிட ஒன்றரை லட்சம் குறைவு.

ஆறு மடங்கு என்பது இந்த உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண் மட்டுமே. ஊர், பிராக்டிஸின் அளவு, என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) வேலையா தனியார் வேலையா என்பதைப் பொறுத்து மடங்கு மாறும். பல் மருத்துவர்களுக்கென்றே இயங்கும் கணக்காளர்கள், வழக்கறிஞர்களின் சங்கமான நாஸ்டால் வெளியிடும் நற்பெயர் (குட்வில்) விலை ஆய்வுகளைப் பார்த்தால் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். எந்த மடங்கைச் சொன்னாலும் அதைக் கடன் தவணையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். 7 சதவீத வட்டியில் 15 ஆண்டுக் கடனாக 6 லட்சம் வாங்கினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 64,700 பவுண்டு திருப்பிக் கட்ட வேண்டும். 75,000 லாபத்தில் அது போக மிஞ்சும் பத்தாயிரத்தில்தான் வருமான வரியையும், பழுதாகும் நாற்காலியையும், எக்ஸ்ரே கருவியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 4,50,000 கடன் என்றால் தவணை 48,500 அளவில் நிற்கும். அப்போது மூச்சுவிட இடம் இருக்கும்.

என்.எச்.எஸ். ஒப்பந்தம் உள்ள பிராக்டிஸ் என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2006 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் பணம் பெரும்பாலும் யு.டி.ஏ. (செய்யும் சிகிச்சையை அளக்கும் அலகு) கணக்கில்தான் வருகிறது, ஸ்காட்லாந்தில் இந்த முறை இல்லை என்பதால், அங்கே வாங்குபவர்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. ஒரு யு.டி.ஏ.வின் விலை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். குறைந்தபட்ச விலை 2024 ஏப்ரலில் 28 பவுண்டாக உயர்த்தப்பட்டது. ஒப்பந்தத்தில் 6,000 யு.டி.ஏ., ஒவ்வொன்றும் 30 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 1,80,000 வரும். ஆனால் ஒப்பந்த அளவில் 96 சதவீதத்துக்குக் கீழே வேலை செய்திருந்தால், செய்யாத வேலைக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும்; 90 சதவீதம் மட்டும் செய்தவர் 18,000 பவுண்டைத் திருப்பிக் கொடுப்பார். ஆகவே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், கடந்த மூன்று ஆண்டுகளில் உண்மையில் எத்தனை யு.டி.ஏ. முடிக்கப்பட்டது என்ற ஆண்டிறுதி அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். யு.டி.ஏ. விலை குறைவாக உள்ள இடத்தில் அசோசியேட் கிடைப்பதும் கடினம் என்பதால், யு.டி.ஏ.க்களை முடிக்காமல் விடும் நிலை தொடர்ந்து வர வாய்ப்புண்டு.

இந்த ஒப்பந்தத்தை ஒரு பொருளைப் போல விற்றுவிட முடியாது என்பதும் விலையோடு சேர்ந்த விஷயம். தனிநபர் பெயரில் இருந்தால், வாங்குபவர் முதலில் கூட்டாளியாகச் சேர்ந்து, பிறகு விற்பவர் விலகுவது வழக்கம். கம்பெனி பெயரில் இருந்தால் அதன் பங்குகளை வாங்குவார்கள். பங்குகளாக வாங்கும்போது கம்பெனியின் பழைய கடன்களும் வழக்குகளும் கூடவே வரும்; அதற்கு ஈடாக விலையில் குறைப்போ, எழுத்து மூலமான உத்தரவாதமோ கேட்பது முறைதான். தரக் கண்காணிப்பு அமைப்பான சி.கியூ.சி.யின் பதிவு முடியவே சில மாதங்கள் ஆகலாம். அதுவரை உங்கள் அசோசியேட் வேலையை விட்டுவிடாதீர்கள்.

தனியார் வருமானத்தில், மாதச் சந்தா கட்டும் நோயாளிகளிடமிருந்து வருவது உறுதியானது. சிகிச்சைக்குச் சிகிச்சை வாங்கும் கட்டணம் அப்படியல்ல. குறிப்பாக, வருவாயில் பெரும்பங்கு உரிமையாளர் செய்யும் இம்பிளான்ட் வேலையிலிருந்து வருகிறது என்றால், அந்தப் பயிற்சி உங்களுக்கு இல்லாதவரை அந்த வருவாய் உங்களுக்கு வராது. நம்மவர்கள் பலர் இந்த இடத்தில் தயக்கத்தால் கேள்வி கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள், சிகிச்சை வாரியாக வருமானப் பட்டியலை வாங்குங்கள். அசோசியேட்டுகளில் யார் தொடர்வார்கள் என்பதையும் விசாரியுங்கள், ஏனெனில் நோயாளிகள் பெரும்பாலும் தங்களைப் பார்க்கும் மருத்துவரோடுதான் போவார்கள்.

கட்டடம் வாடகைக்கு என்றால், குத்தகையில் மீதமுள்ள ஆண்டுகள் கடன் காலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டு நில உரிமையாளர்-குத்தகைதாரர் சட்டம் தரும் புதுப்பிக்கும் உரிமையை அந்தக் குத்தகை விலக்கியிருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஊழியர்கள் தங்கள் பழைய பணிக்காலத்தோடு உங்களிடம் வருவார்கள். அவர்களது விடுப்பு, ஆட்குறைப்பு இழப்பீடு எல்லாமே உங்கள் பொறுப்பாகும்.

விற்பவர் சில காலம் தொடர்ந்து வேலை செய்வதாகச் சொன்னால், விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, வருவாய் குறையாமல் நின்ற பிறகு கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதுங்கள். அவர் பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை திறக்காமல் இருக்க, தூரமும் காலமும் குறிப்பிட்ட தடை விதியும் அதில் இருக்க வேண்டும். இவற்றை அவர் மறுத்தால், முன்பு பேசிய மடங்கில் ஒன்றையாவது குறைத்துக் கேளுங்கள்.