மறு: ‘இன்ஸ்டலேஷன்’ என்பதற்குத் தமிழ்: ‘நிறுவல்’ போதுமா, ‘புனைவெளி’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நவீன இந்தியக் கலைக்கான சொற்பட்டியலில் ‘இன்ஸ்டலேஷன்’ (பார்வையாளர் உள்ளே நடந்து காணும்படி ஓர் இடத்தையே படைப்பாக்கும் கலைவடிவம்) என்பதற்கு நேராக ‘நிறுவல்’ என்று இட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்லலாம் என்று முன்மடலில் நண்பர் எழுதியிருந்தார். ‘நிறுவல் கலை’ என்று எழுதுவோர் ஏற்கெனவே இருக்கிறார்கள். வழங்கிவரும் சொல்லைக் காரணமின்றி மாற்றக் கூடாது என்பதிலும் எனக்கு மாறுபாடில்லை. ஆயினும் இந்த ஒரு சொல்லில் சற்று நின்று யோசிக்கக் காரணம் இருப்பதாகவே கருதுகிறேன்.

அந்தக் கலைவடிவம் நம் நாட்டில் எதற்காகத் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1947இல் பம்பாயில் சூசா, ரசா, உசேன், ஆரா, காடே, பாக்ரே ஆகிய அறுவர் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கியபோது, வங்கப் பாணியின் பழமை நாட்டத்தையும் ஆங்கிலேயர் கலைப்பள்ளிகளில் வேரூன்றியிருந்த பயிற்சி முறையையும் ஒருசேர மறுத்தார்கள். அவர்கள் வரைந்த உருவமும் பூசிய நிறமும் மாறின. சுவரில் மாட்டிய சட்டகமும் அதன் எதிரே நிற்கும் பார்வையாளரும் மாறவில்லை. சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் சாதகக் கட்டங்களையும் நிரப்பித் திரைச்சீலையை ஒரு சுவடிப் பக்கம்போல ஆக்கினார். என் பார்வையில் இந்திய நவீன ஓவியத்தின் மிகத் துணிவான நகர்வுகளில் அது ஒன்று. அதுவும் நாம் எதிரே நின்று படிக்கும் பக்கமாகவே இருந்தது. அந்தக் காலம் வரைக்கும் ‘ஓவியம்’, ‘சிற்பம்’ என்னும் இரண்டு பழஞ்சொற்களே நமக்குப் போதுமானவையாக இருந்தன.

அவை போதாமல் போனது 1990களின் தொடக்கத்தில். நளினி மலானி 1992இல் பம்பாயில் ஒரு காட்சிக்கூடத்தின் சுவர்களிலேயே நேரடியாக வரைந்து, காட்சி முடிந்ததும் அவை அழிக்கப்படும்படி விட்டார். அவ்வாண்டு டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து பம்பாயில் கலவரம் மூண்டது. தெருவில் இறந்து கிடந்த ஒரு மனிதரின் செய்தித்தாள் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு விவான் சுந்தரம் 1993இல் ‘மெமோரியல்’ என்னும் படைப்பை உருவாக்கினார். அவர் ஓவியராகவே பயின்றவர். அந்தப் புகைப்படப் படிகளில் ஆணிகளை அறைந்தார்; கண்ணாடிப் பேழைகளுக்குள் வைத்தார்; தகரப் பெட்டிகளை அடுக்கி ஒரு வாயில் எழுப்பினார். அங்கே போகிறவர் ஒரு படத்தின் எதிரே நிற்பதில்லை. பேழைகளுக்கும் வாயிலுக்கும் இடையே, துக்க வீட்டுக்குள் நடப்பதுபோல நடக்கிறார். சட்டகத்துக்குள் அடக்கினால் அந்தச் சாவு வெறும் காட்சியாகிவிடும் என்பதால்தான் இந்த வடிவம் தேவைப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘நிறுவு’ என்பது நிற்கச் செய்வதைக் குறிக்கும் வினை. சிலையை நிறுவுகிறோம், அறக்கட்டளையை நிறுவுகிறோம், கூற்றை நிறுவுகிறோம். மூன்றிலும் நிலைபெறுதல் என்னும் பொருள் ஊடுருவி நிற்கிறது. அழியவென்றே வரையப்பட்ட மலானியின் சுவரை ‘நிறுவல்’ என்று அழைப்பது எனக்கு உறுத்துகிறது. கலைச்சொல் தன் வேர்ப்பொருள் முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை என்று நீங்கள் மறுமொழி கூறலாம், அது நியாயமானதே. எனவே என் முதன்மையான தடையை வேறிடத்தில் வைக்கிறேன். ஆங்கிலத்தில் செயலுக்கும் படைப்புக்கும் ஒரே சொல்தான். இத்தகைய படைப்பு ஓரிடத்தில் கலைக்கப்பட்டு, இன்னோர் ஊரில் வேறு அளவுள்ள கூடத்தில் மீண்டும் அமைக்கப்படுவது வழக்கம். அதைப் பற்றி எழுதும்போது ‘நிறுவலை மீண்டும் நிறுவினார்கள்’ என்றுதான் எழுத நேரும். செயலுக்கு ‘நிறுவு’ என்னும் நல்ல வினையை வைத்துக்கொண்டு, படைப்புக்குத் தனிப்பெயர் தந்தால் தமிழில் இந்தக் குழப்பம் நீங்கும்.

மாற்றாக வந்த மற்ற சொற்களைப் பற்றி நெடிது எழுத வேண்டியதில்லை. ‘சூழமைவு’ பின்னணிச் சூழலைக் குறிக்க ஏற்கெனவே பயன்படுகிறது. ‘களம்’, ‘அமைவு’ இரண்டும் புணர்ந்தால் ‘களவமைவு’ ஆகித் திருட்டை நினைவூட்டும். ‘இடவமைவு’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கென்றே செய்யப்பட்ட படைப்பை ‘இடஞ்சார் இடவமைவு’ என்று எழுதிப் பார்த்ததும் கைவிட்டேன்.

என் பரிந்துரை ‘புனைவெளி’. ஓவியன் உருவத்தைப் புனைவதுபோல இங்கே கலைஞர் வெளியையே புனைகிறார். புனைவு என்றதும் இன்று கதைதான் நினைவுக்கு வருகிறது, ஆகவே இல்லாத ஒரு கற்பனை உலகம் என்று வாசகர் கொள்வார் என்பது இதற்கு எழக்கூடிய வலுவான தடை. ஆனால் ‘புனை’ கதைக்கு மட்டும் உரிய வினையன்று. நெடுநல்வாடையில் அணிகளைக் களைந்திருக்கும் தலைவிக்கு ‘புனையா ஓவியம்’ உவமையாகிறது. வண்ணம் தீட்டாத கோட்டோவியம் என்பது அதன் பொருள். ஆகவே இது கைவேலைக்கும் நிறத்துக்கும் உரிய பழைய ஓவியச் சொல். மாலை புனைகிறோம் என்று இன்றும் சொல்கிறோம்.

ஷீலா கௌடாவின் படைப்பு ஒன்றில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஊசிகளில் கோத்த நூல்களைப் பசையும் குங்குமமும் இட்டுத் திரட்டிச் சிவந்த கயிறுகளாக்கி, கூடத்தின் சுவரிலும் தரையிலும் ஓடவிட்டார். நூல் கோத்தல், திரித்தல், நிறமேற்றல் எல்லாமே புனைதல்தான். அவர் அவற்றால் புனைந்தது ஒரு வெளி. 2012இல் கொச்சியில் தொடங்கிய ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவில், விவான் சுந்தரம் கேரளத்தில் பட்டணம் என்னும் ஊரின் அகழாய்வில் கிடைத்த பானையோடுகளைத் தரையில் ஒரு நகரம்போலப் பரப்பியிருந்தார். சங்கப் பாடல்களின் முசிறி அவ்வூரே என்று கருதுவோர் உண்டு. அந்த ஓட்டு நகரத்தை ‘நிறுவல்’ என்பதைவிடப் ‘புனைவெளி’ என்பது நெருங்கி விளக்குகிறது.

‘இடஞ்சார் புனைவெளி’, ‘ஒலிப் புனைவெளி’, ‘காணொளிப் புனைவெளி’ என்று கிளைச்சொற்களும் தடையின்றி அமைகின்றன. ‘புனைவெளிக் கலைஞர்’ என்பதில் மட்டும் கதையாசிரியர் என்ற மயக்கம் சிறிது எஞ்சுகிறது. அதைத் தீர்க்க எனக்கு வழி தோன்றவில்லை. காட்சிக்கூடங்களில் பணிபுரியும் உறுப்பினர்கள், படைப்பின் அருகே ஒட்டும் பெயரட்டையில் இச்சொல்லை எழுதிப் பார்த்து, வருவோர் எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்பதைத் தெரிவித்தால் பதிவை அதன்பின் உறுதிசெய்யலாம். அதுவரை பட்டியலில் ‘நிறுவல்’, ‘புனைவெளி’ இரண்டையும் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினன்