மறு: ஐயாட்ரோஜெனிக் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> 'மருத்துவரால் வரும் நோய்' என்றே வைத்துவிடலாமே. கிரேக்கத்திலும் அதுதானே பொருள்?

பொருள் அதுதான், அம்மா. கிரேக்கத்தில் 'யாட்ரோஸ்' என்றால் மருத்துவர். சைக்கியாட்ரி, பீடியாட்ரிக்ஸ் இரண்டிலும் அவர்தான் வால் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். 1920-களில் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியபோது, மருத்துவரின் பேச்சைக் கேட்டு நோயாளி மனத்தில் முளைக்கும் நோயைத்தான் குறித்தது. அதற்கு 'மருத்துவரால்' பொருந்தும்.

இப்போது அப்படியில்லை. பரிசோதனை, சிகிச்சை என்று மருத்துவத்தின் வழியாக வரும் எந்தக் கேட்டையும் குறிக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பரிசோதனைக்கென்று தினமும் ரத்தம் எடுத்து, அதனாலேயே நோயாளிக்குச் சோகை வருவதுண்டு. அதுவும் ஐயாட்ரோஜெனிக்தான். யாரும் தவறு செய்யவில்லை. 'மருத்துவரால்' என்று எழுதினால் படிப்பவர் வக்கீலைத் தேடுவார்.

> 'மருத்துவமனை நோய்' போதாதா?

போதாது. அது வேறு சொல்லின் இடம்: நோசோகோமியல், அதாவது மருத்துவமனையில் இருக்கும்போது தொற்றுவது. 'நோசோஸ்' நோய், 'கோமெய்ன்' பேணுதல். இன்றும் கிரேக்கர்கள் மருத்துவமனையை 'நோசோகோமியோ' என்கிறார்கள். அதன் வேரில் இருக்கும் 'நோசோகோமோஸ்', நோயாளியைப் பார்த்துக்கொள்பவர். குறள் 950-இல் வரும் 'உழைச்செல்வான்' அவரேதான்! (நர்ஸுக்கு ஏன் நாம் இதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் பழைய புலம்பல்.)

இரண்டு சொல்லும் ஏன் தனித்தனியாக வேண்டும் என்பதற்கு வியன்னா போதும். அங்கே ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் இருந்த பிரிவில் தாய்மார் சாவு அதிகம், மருத்துவச்சிகள் பிரிவில் குறைவு. பிணஅறையிலிருந்து நேரே பிரசவம் பார்க்க வரும் கைகள்தான் காரணம் என்று கண்டு, 1847-இல் அங்கிருந்த மருத்துவர் செம்மல்வைஸ் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தார். சாவு சட்டென்று குறைந்தது. 'மருத்துவமனை நோய்' என்று மட்டும் சொன்னால் இரண்டு பிரிவுக்கும் ஒரே பெயராகிவிடும். அந்தக் கைகளைச் சொல்ல இன்னொரு சொல் வேண்டும்.

நோசோகோமியலுக்கு 'மருத்துவமனைத் தொற்று' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். ஐயாட்ரோஜெனிக்குக்கு என் பரிந்துரை 'மருத்துவ விளை': மருத்துவ விளைநோய், மருத்துவ விளைசோகை. 'பக்கவிளைவு' எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதால் புரியும்.

---

அன்பின் ஐயா,

வாதம் சரி, சொல்தான் இடிக்கிறது. 'விளைநோய்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதில் 'வினைநோய்' என்று விழுகிறது. எங்கள் வார்டில் இதைச் சொன்னால் போன ஜென்மத்துக் கணக்கு என்று தலையில் கைவைத்துக்கொள்வார்கள். அப்புறம் 'விளைசோகை', ஏதோ வயலில் அறுத்த மாதிரி.

'மருத்துவவழி' எப்படி? மருத்துவவழிச் சோகை, மருத்துவவழிக் காயம். எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் ஒட்டும், யார் மேலும் பழி விழாது.

---

வினைநோய்! அது எனக்குத் தோன்றவே இல்லை, அம்மா. 'மருத்துவவழி'யே இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது ஒற்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மருத்துவவழித் தொற்று, ஆனால் மருத்துவவழி நோய்.