ரயிலில் வாசிப்பது நிகழ்காலத்திலிருந்து தப்பிப்பதா?

கேள்வி:
வணக்கம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் நாள்தோறும் செல்லும்போது புத்தகம் படிப்பது என் வழக்கம். தியானம் பழகத் தொடங்கிய பின், கண்முன் இருப்பவற்றைக் கவனிக்காமல் பக்கங்களுக்குள் மூழ்கியிருப்பது நிகழ்காலத்தைத் தவறவிடுவதாகாதா என்ற ஐயம் எழுந்துள்ளது. நீங்கள் இரண்டையும் எவ்வாறு கடைப்பிடிக்கிறீர்கள்?

மறுமொழி 1:
வாசிப்பு தப்பித்தல் அன்று என்பதே என் உறுதியான கருத்து. படிக்கும்போது மனம் அலுவலகத்துக்கு ஓடிவிட்டதை உணர்ந்து விட்ட வரிக்கே திரும்புவதும், தியானத்தில் மூச்சுக்குத் திரும்புவதும் ஒரே பயிற்சிதான். கைப்பேசியை மட்டும் பையின் அடியில் வைத்துவிடுங்கள்.

மறுமொழி 2:
நான் சற்று மாறுபடுகிறேன். கதை விறுவிறுப்பாகச் செல்லும்போது, அருகில் வந்து நிற்கும் குழந்தையின் குரல்கூட நம் காதில் விழுவதில்லை. வீட்டில் அது சரியன்று. ஆகவே பிள்ளைகள் உறங்கிய பிறகே புத்தகத்தைத் திறக்கிறேன். விடுமுறை நாள்களில், 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்துக்குச் சென்று ஒரு காலைப்பொழுதை வாசிப்புக்கென்றே கொடுத்துவிடுவதால், அங்கே இந்த ஐயத்துக்கே இடமில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. போகும்போது வாசித்து, திரும்பும்போது சன்னலோரம் சும்மா அமர்ந்திருந்து பார்க்கிறேன். கன்னிமாராவுக்கு எழும்பூரில் இறங்கி நடந்து செல்லலாமா?

மறுமொழி 2:
தாராளமாகச் செல்லலாம். பாந்தியன் சாலையில், அருங்காட்சியக வளாகத்திலேயே இருக்கிறது.