அத்தை மகனையே கட்டிக்கொள்ளும் லண்டன் சோஃபி: இதுபோல் இன்னொன்று சொல்லுங்கள்

கல்லாப்பெட்டி (திருச்சி):

போன மாதம் அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன். பதினோரு இரவுகள் அவர் கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பையில் இருந்தது ஒரே ஒரு புத்தகம்: ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயர் 1950இல் எழுதிய ‘தி கிராண்ட் சோஃபி’. பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கி, அட்டையில் இருந்த கவுனையும் விசிறியையும் பார்த்து அசட்டுக் காதல் கதை என்று ஆறு வருடமாக ஒதுக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: வாட்டர்லூ போர் முடிந்த மறு வருடம், 1816. ராஜதந்திரியான சர் ஹோரஸ் பிரேசிலுக்குப் போகவேண்டியிருக்கிறது. தாயில்லாத மகள் சோஃபியை லண்டனில் இருக்கும் தன் சகோதரி வீட்டில் விட்டுச்செல்ல நினைக்கிறார். “சின்னப் பெண், பரம சாது” என்ற மாதிரி சொல்லிவைக்கிறார். வந்து இறங்குகிறவளோ ஐந்தடி ஒன்பது அங்குல உயரம். கூடவே ஒரு குரங்கு, ஒரு கிளி, ஒரு நாய், ஒரு கறுப்புக் குதிரை. அந்த வீட்டின் கணக்கு வழக்கெல்லாம் மூத்த மகன் சார்லஸின் கையில். சூதாடியான அப்பா வைத்த கடன்களை அடைத்து அடைத்து முகமே கடுகடுவென்று ஆகிப்போனவன். அவன் தங்கை செசிலியா, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நடக்கும் ஒரு கவிஞனைக் காதலிக்கிறாள். வீட்டார் பார்த்து வைத்த மாப்பிள்ளைக்கோ, பேச்சு முற்றும் நேரத்தில் பொன்னுக்குவீங்கி வந்துவிடுகிறது! சோஃபி இந்த வீட்டையே தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்தது கடன்காரனின் அறைக்குள் அவள் தனியாகப் போகும் காட்சி. இருபத்தொன்பது வருடம் வங்கியில் காசாளராக இருந்தவள் நான். கடனைத் திருப்பும் காட்சி என்றால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். சார்லஸின் தம்பி ஹ்யூபர்ட் ரகசியமாக வாங்கியது ஐந்நூறு பவுண்டு. சோஃபி அசலை எண்ணி வைக்கிறாள். வட்டி கிடையாது, ஏனென்றால் பையன் இன்னும் மேஜர் ஆகவில்லை, கோர்ட்டுக்குப் போனால் உனக்கு ஒரு காசு தேறாது என்று சட்டம் பேசுகிறாள். பத்திரமும் அடகு வைத்த மோதிரமும் கைக்கு வந்தாகவேண்டும் என்கிறாள். அவன் முறைத்துக்கொண்டு எழுந்தால், குளிருக்குக் கை நுழைக்கும் மயிர் உறைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கி வருகிறது. பணத்தைக் கொடுக்கும் முன் பத்திரத்தைக் கேட்கிறாளே, அந்த ஒழுங்குக்காகவே அவளுக்கு எங்கள் கிளையில் வேலை கொடுத்திருப்பேன்.

தூக்கம் வராத அம்மாவுக்குக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிவில் சோஃபியும் சார்லஸும் சேர்கிறார்கள் என்றதும் அம்மா கேட்டார்: “அவன் அவளுக்கு அத்தை மகன்தானே? முறை மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள இத்தனை பக்கமா?”

இரண்டு கேள்விகள். ஒன்று: சார்லஸுக்கு நிச்சயம் செய்த யூஜீனியாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு சோஃபி செயின்ட் ஜேம்ஸ் தெரு வழியாகப் போகிறாள், யூஜீனியா வெலவெலத்துப் போகிறாள். ஒரு தெருவில் போனால் என்ன குடிமுழுகிவிடும்? இரண்டு: அடுத்து எதைப் படிப்பது? அழவைக்கும் கதை வேண்டாம். அம்மாவுக்கு இன்னும் ஆறு வாரம் பிசியோதெரபி இருக்கிறது.

பழுப்புத்தாள்:

அக்கா, முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். செயின்ட் ஜேம்ஸ் தெரு ஆண்களின் கிளப்புகள் வரிசையாக இருந்த தெரு. வைட்ஸ், புரூக்ஸ், பூடில்ஸ் மூன்றும் அங்கேதான். வைட்ஸ் கிளப்பில் தெருவைப் பார்த்து வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஜன்னல் உண்டு. அதில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எடைபோடுவதே பெரிய மனிதர்களின் வேலை. அந்த ஜன்னலின் ராஜாவாக இருந்தவர், கழுத்துத்துணி கட்டுவதில் பேர்போன பிரம்மல். நம் ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரிதான், ஆனால் அங்கே சொன்ன ஒரு வார்த்தை ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சையே கலைத்துவிடும். அதனால் மானமுள்ள பெண் அந்தத் தெருவில் தலைகாட்டக் கூடாது. யூஜீனியா பிறரின் ஒழுக்கத்துக்குக் காவல் நிற்கிறவள்; அவளையே அந்த ஜன்னலுக்கு முன் காட்சிப்பொருளாக்குவதுதான் சோஃபியின் குறும்பு. வண்டியும் சாதாரண வண்டி இல்லை, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கை வைத்த ஃபேட்டன். ஒளியவும் வழியில்லை.

உங்கள் கல்லாப்பெட்டிக்காக ஒரு கூடுதல் செய்தி: அதே 1816இல்தான் பிரம்மல் கடன் தாங்காமல் இரவோடிரவாக பிரான்சுக்கு ஓடிப்போனார்.

நீலா_குன்னூர்:

எல்லோரும் கொண்டாடுவதால் நான் சண்டைக்கு வருகிறேன். எனக்குச் சோஃபியைப் பாதிதான் பிடித்தது. யாரைக் கேட்டு அவள் எல்லோருக்கும் ஜோடி சேர்க்கிறாள்? கடைசியில் திட்டத்துக்காக ஒரு நல்ல மனிதரின் கையில் துப்பாக்கியால் சுட்டும்விடுகிறாள். நிஜத்தில் இப்படி ஒரு நாத்தனார் வாய்த்தால் ஒரு வாரம் தாங்கமாட்டோம்.

அந்தக் கடன்காரன் காட்சியைப் பற்றி நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அவன் யூதன் என்பதற்காகவே அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, வளைந்த மூக்கு என்று ஹேயர் கேலிச்சித்திரமாக எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் அத்தனை லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு ஐந்தே வருடம் கழித்து வந்த புத்தகம். வேடிக்கை நாவல் என்று அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்துப் படிக்க, ஹேயரின் ‘காட்டிலியன்’ (1953). கஞ்சக் கிழவர் ஒருவர், என் பேரன்மார் முறையில் யாரையாவது கட்டிக்கொண்டால்தான் சொத்து என்று வளர்ப்புப் பெண் கிட்டிக்கு நிபந்தனை போடுகிறார். அவள் பொய்யாக நிச்சயம் செய்துகொள்வது ஃப்ரெட்டி என்ற அப்பாவியுடன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சட்டையும் கோட்டும்தான். லண்டனைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போய், கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்த எல்கின் பளிங்குச் சிலைகள் தலையும் கையும் இல்லாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, இதைக் காட்டவா காசு வாங்குகிறார்கள் என்ற தோரணையில் கொதித்துப் போகிறான். ஹேயரின் கதாநாயகர்களில் நான் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரே ஆள்.

கல்லாப்பெட்டி (திருச்சி):

நீலா, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. இரவில் படித்தபோது எனக்கும் அந்த வர்ணனை உறுத்தியது. ஆனால் அம்மாவிடம் சொன்னபோது “ஒரு வட்டிக்காரன்” என்று மட்டும் சொல்லித் தாண்டிவிட்டேன், இங்கே எழுதும்போதும் அப்படியே செய்திருக்கிறேன். பிடித்த புத்தகத்துக்கு நாமாகவே வெள்ளையடித்துவிடுகிறோம். காட்சியின் கணக்கு சுவாரசியம்தான்; ஆனால் அவன் வெறும் பேராசைக்காரனாக இருந்தாலே அந்தக் கணக்கு அப்படியே நின்றிருக்கும்.

நாத்தனார் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். சின்னக் குழந்தை ஏமபெல் காய்ச்சலில் கிடக்கும்போது ராத்திரி பகலாகக் கண்விழித்துப் பார்த்துக்கொள்பவள் சோஃபிதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் படித்தவளுக்கு அவளைக் குறை சொல்ல வாய் வராது.

பழுப்புத்தாள்:

இரண்டாம் கேள்விக்கும் வந்துவிட்டேன். அம்மாவுக்குச் சொல்வதற்கென்றால் ஹேயரின் ‘ஃப்ரெடரிக்கா’ (1965). பெற்றோர் இல்லாமல் தம்பி தங்கைகளைக் கட்டி மேய்க்கும் பெண். அவர்கள் வளர்க்கும் லூஃப்ரா என்ற நாய், கிரீன் பார்க்கில் பால் மாடுகளைத் துரத்திக் கலவரம் செய்துவிடுகிறது. காவலாளிகள் பிடித்துக்கொள்ள, ஃப்ரெடரிக்கா கூசாமல் “இது ஒரு பிரபுவின் நாய், பார்சிலோனா கோலி ஜாதி” என்று அடித்துவிட்டு நேரே அந்தப் பிரபுவின் வீட்டுக்கே எல்லோரையும் இழுத்து வருகிறாள். அவர் வெளியே வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், ‘பலூசிஸ்தான்’ என்று திருத்துகிறார். பலூன் பறக்கவிடும் பகுதி வேறு இருக்கிறது. ஹேயர் கதைகளில் வரும் அந்தக் காலத்துக் கொச்சை வார்த்தைகளுக்கு அகராதியைப் புரட்டாதீர்கள். பத்துப் பக்கத்தில் தானே புரிந்துவிடும்.

கல்லாப்பெட்டி (திருச்சி):

‘ஃப்ரெடரிக்கா’ நேற்று வந்து சேர்ந்தது. மாடு துரத்தும் இடம் வரை சொல்லியிருக்கிறேன். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் பத்து நடை நடந்தால் இரண்டு பக்கம் கதை என்று ஒப்பந்தம். இன்று பதினான்கு நடை நடந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கேட்கிறார்: “அந்தப் பிரபு இவளுக்கு என்ன முறை?”